ஒரு சொல்லில் கரைந்த குளங்கள்

நான் வாழும் இலஞ்சியின் பெயருக்கே குளம் என்றொரு பொருளுண்டு. ஆங்கிலேயர் அதனை 'டேங்க்' என்றனர். நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லே இதன் மூலம் என்பர். போர்ச்சுகீசியச் சொல்லின் சாயலும் இதிலுண்டு. 1915இல், புதிய போர் ஊர்தியின் இரகசியம் காக்க, அதனை நீர்த்தொட்டி என்று சொல்லி அப்பெயரையே சூட்டினர். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது.

நம் நாட்டிலோ ஏரி, கண்மாய், ஊருணி அனைத்தும் ஆங்கில ஆவணங்களில் 'டேங்க்' ஆயின. பாசனக் கண்மாய்க்கு மடையும் கரையும் முதன்மை. குடிநீர் ஊருணிக்குத் தூய்மையே முதன்மை. பெயர் ஒன்றானால், தேவைகளின் வேறுபாடு கணக்கில் மறைந்துவிடும். நிதி ஒதுக்கும் ஆவணங்களிலேனும் அந்தந்த நீர்நிலையை அதனதன் பெயராலேயே எழுதுவோம்.