வாயிலிற் கழற்றும் பாதரட்சை

விருந்தினரை நோக்கி, "சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்" என்று கூறுதல் தகுமோ? அவர் மனம் நோகாதோ? இவ்வையம் நம்மவர் பலர்க்கும் உண்டு.

முதற்கண் வழக்கத்தின் காரணத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்து முன்னோர் சாணத்தால் மெழுகிய தரையிலிருந்து உண்டனர். அதன்மேற் பாய் விரித்து உறங்கினர். தரையே அவர்க்கு மேசையுங் கட்டிலுமாயிற்று. ஆதலின், தெருப்புழுதியை வாயிலோடு நிறுத்தினர். வைக்கோற்பாய் பரப்பிய அறையுள் யப்பானியர் பாதரட்சையோடு புகாமையும் இத்தகையதே. இன்று சீமெந்துத் தரையுங் கதிரையும் வந்துவிட்டன. எனினும், தவழுங் குழந்தைக்குத் தரையே உலகம். ஆகவே, கழற்றச் சொல்லுதல் அவமதிப்பன்று.

ஆயினும், சொல்லும் முறையொன்றுண்டு. என் முதிய ஆசிரியரொருவர் ஒருநாள் என் வீட்டிற்கு வந்தார். "சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள், ஐயா" என்றேன். அவர் புன்னகைத்து, விறாந்தையிலேயே நின்று பேசிச் சென்றார். நீரிழிவினால் அவர் காலிற் புண்ணிருந்தமையைப் பின்னரே அறிந்தேன்.

அன்று முதல் நான் கைக்கொண்ட முறை இது: விறாந்தையில் ஒரு வாங்கும், கால் கழுவ ஒரு வாளி நீரும் வைத்துள்ளேன். விருந்தினர் காண என் செருப்பை நானே முதலிற் கழற்றுகின்றேன். பெரும்பாலார் கேளாமலே கழற்றுவர். முதியோரையும் பிணியாளரையும் அப்படியே உள்ளே அழைக்கின்றேன். தரையிற் படிந்த அழுக்கை ஒரு வாளி நீர் போக்கும். ஆசிரியரை வாயிலில் நிறுத்திய பிழையை எந்நீர் போக்கும்?