விலாசமிழந்த வீரர்

பட்டாளத்தில் பதினைந்து ஆண்டுச் சேவையை முடித்து, நாற்பது வயதுகூட நிரம்பாத பருவத்தில் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பும் சிப்பாய், விடியலில் எழுப்பும் எக்காளமும், மாலையில் பெயர் சொல்லி ஆள் கணக்கெடுக்கும் ஹவில்தாரும், ஒரே பந்தியில் உண்ட தோழரும் இல்லாத வெறுமையில், கான்டீனில் சலுகை விலைக்குக் கிடைக்கும் ரம் புட்டியைத் துணையாக்கிக் கொள்வதும், அதுவும் போதாமல் கடன்பட்டு, மனைவி மக்களோடு மனஸ்தாபம் முற்றி, இறுதியில் பேருந்து நிலையத்தில் துண்டை விரித்துப் படுப்பதும் நாம் அறியாத கதையல்ல. 'குடித்தே கெட்டான்' என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அவரைக் கடந்து போகிறோம். குடித்தது உண்மைதான். ஆயினும், குடியால் அவர் இழந்தவற்றுள் பெரியது விலாசம் என்பதையும், விலாசம் போனதால் அவருக்குரிய உரிமைகளெல்லாம் அவரைத் தேடி வர வழியின்றி நிற்கின்றன என்பதையும் நாம் யோசிப்பதில்லை.

அந்த விலாசத்தை மீட்டுத் தரும் இடமே காப்பகம். லட்சம் ஜனத்தொகைக்கு ஒன்று என்ற கணக்கில், இரவும் பகலும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தங்குமிடங்களை நகரங்களில் அமைக்குமாறு 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளைப் பணித்தது. 2013 முதல் மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் இதனைத் தனித் திட்டமாக ஏற்றது. ஆகவே காப்பகத்துப் பாய் யாரோ இடும் பிச்சையன்று; பிரஜைக்கு உரியது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றைக்கொண்டு ஆதார் பெறலாம். ஆதாரைக்கொண்டு வங்கிக் கணக்கை உயிர்ப்பிக்கலாம். ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்று தராமையால் நின்றுபோன ஓய்வூதியம், சான்று தந்தபின் நிலுவையோடு திரும்பும். வீடற்றவர் வாக்காளராகவும் பதியலாம். அவர் உறங்கும் இடத்துக்கு இரவில் வந்து பார்த்துச் சேர்க்கத் தேர்தல் ஆணையத்தின் விதியே இடம் தருகிறது.

இனி அபாயங்களைச் சொல்ல வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது வீரமென்று பலர் கருதுகின்றனர். வைத்திய சாஸ்திரம் அதை ஒப்புவதில்லை. நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் இல்லாததைக் கண்டு பிதற்றும் சித்தப்பிரமை நேரலாம். வைத்தியமின்றேல் உயிருக்கே ஆபத்து. காப்பகத்தில் ஒருவர் நடுங்கத் தொடங்கினால் அதை நடிப்பென்று எண்ணாமல் 108-ஐ அழைப்பதே கடமை. அவ்வாறே, அவரறியாமல் குழம்பில் மருந்து கலந்து குடியை நிறுத்தலாமென்னும் விளம்பரத்தை நம்பலாகாது. டைசல்ஃபிரம் போன்ற மருந்தை உண்டவர் அதை அறியாமல் மது அருந்தினால் ரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகவும் கூடும்.

வேறோர் அபாயம், மறுவாழ்வு இல்லமென்று பலகை மாட்டிக்கொண்டு, அடைத்து வைத்தும் அடித்தும் குடியை ஓட்டுவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் இடங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது முதலிய போதைப் பழக்கத்தால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின்படி நோயாளியைச் சங்கிலியால் பிணைத்தல் எவ்வகையிலும் கூடாது. பதிவு பெறாத இடம் சிகிச்சை நடத்தலாகாது. குறையிருப்பின் மனநலச் சீராய்வு வாரியத்தில் முறையிடலாம். அதனினும் முக்கியமாக, வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும், வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிடினும், அரசு நடத்தும் மனநல நிலையங்களில் சிகிச்சை முற்றிலும் இலவசம் என்று அதன் 18-ஆம் பிரிவு விதிக்கிறது. 'அட்டை எங்கே?' என்று கேட்டுத் திருப்பியனுப்ப ஒருவருக்கும் அதிகாரமில்லை.

ஓய்வூதியம் பற்றியும் ஒரு வார்த்தை. குடிக்குக் கடன் கொடுத்தவன் ஏ.டி.எம். அட்டையையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, மாதந்தோறும் தானே பணமெடுப்பது பல ஊர்களில் நடக்கும் அக்கிரமம். 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டமோ, இனி வரவேண்டிய ஓய்வூதியத்தின்மீது எழுதும் அடமானமும் ஒப்பந்தமும் செல்லாதென்றும், கடனுக்காக நீதிமன்றம் அதை ஜப்தி செய்யலாகாதென்றும் தெளிவாகக் கூறுகிறது. வங்கியில் சொல்லி அட்டையை முடக்கிப் புதியது பெறுவது முதற்காரியம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு.

பரிகாரம் தேடுவோர் முதலில் அணுகத்தக்கது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். படை எண்ணைச் சொன்னால் போதும், பதிவுகளைத் தேட வழி பிறக்கும். ஓய்வூதியமில்லாத வயோதிக வீரருக்கான வறுமை நிவாரணத்துக்கும் மனுச் செய்யலாம். ஓய்வூதியர்க்கு 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அத்துயரத்தில் அமிழ்ந்துவிடாமல் 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை ஸ்தாபனத்தை நிறுவினார். குடி ஒழுக்கக்கேடு மட்டுமன்று, வைத்தியத்துக்கு வசப்படும் நோய் என்பதை நம் நாட்டில் வேரூன்றச் செய்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

நோயென்று ஒப்புக்கொண்டால், அது திரும்பவும் வரக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் தெளிந்திருந்தவர் ஒரு திருவிழா நாளில் தள்ளாடி வந்து வாசலில் நின்றால், 'குடித்தவருக்கு இங்கே இடமில்லை' என்று கதவடைப்பது ஒழுங்கின் பேரால் செய்யும் அவசரமாகும். பிறருக்கு இடையூறின்றி அவரை ஒரு மூலையில் படுக்கவைத்து, பொழுது விடிந்ததும் வைத்தியரிடம் அனுப்பும் காப்பகமே அவரைக் காப்பாற்றும். அன்று மாலை பொறுப்பாளர் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கையில், அவருடைய பெயரும் அடிக்கப்படாமல் அதில் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தம் பெயரை எவரும் கூப்பிடக் கேளாத அந்தப் பழைய சிப்பாய், பாயைவிட்டு எழுந்து, முதுகை நிமிர்த்தி, 'ஆஜர்' என்று சொல்வார்.