ஆசான் வந்துட்டாரா அக்கா?

“இதுக்குப் பேரு காலடியா? மறுபடியும் செய்!”

சனிக்கிழமை இரவு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் போட்ட அதட்டல் இது. எதிரே இருந்த நண்பனின் கையில் சிலம்பக் கம்பு இல்லை. மூன்று பகடைகளும் ஒரு தே தாரேக்கும்தான் இருந்தன.

நாங்கள் ஆடுவது ரோல்பிளேயிங் விளையாட்டு. ஆளுக்கொரு கதாபாத்திரம், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். 1986-இல் வெளிவந்த ‘கர்ப்ஸ்’ விதிமுறையைப் பின்பற்றுகிறோம். அதில் திறமைகளைப் புள்ளி கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கடன், பகை, முன்கோபம் என ஏதாவது ஒரு குறையை ஏற்றுக்கொண்டால் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும்.

நண்பனின் சிலம்ப வீரன் ஏற்ற குறை, ஆசானுக்குக் கட்டுப்பட்டவன் என்பது. அதற்கு 10 புள்ளிகள். பதிலுக்கு, ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் நான் மூன்று பகடைகளை உருட்டுவேன். கூட்டுத்தொகை 12 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆசான் கதைக்குள் வந்துவிடுவார். கணக்குப்படி நான்கு வாரத்தில் ஏறக்குறைய மூன்று வாரம்!

வானொலியில் குரல் மாற்றிப் பேசிப் பழகியவள் நான். சினிமா ஆசான்களை எல்லாம் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். மூன்றாவது வாரம், கொள்ளையர்கள் கிராமத்தைத் தாக்க வந்தபோது, “நீ தண்ணீர் சுமந்தால் போதும்” என்று அவனை நிறுத்திவிட்டேன். மற்றவர்கள் சண்டையிட, அவன் ஒரு மணி நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது, “அடுத்த வாரம் நான் வரலக்கா. திட்டு வாங்க எனக்கு ஆபீஸே போதும்” என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குறை இருக்க வேண்டியது கதாபாத்திரத்துக்கு. நான் தண்டித்ததோ அதை ஆடும் மனிதனை. ஆசானின் கட்டளை அவனைக் கதையிலிருந்து வெளியே தள்ளக்கூடாது, ஓர் இக்கட்டுக்குள் இழுத்துவிட வேண்டும்.

மறுநாள் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். ஆசான் எதுவரை போகலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கும் ஒரு காரணம் வைத்தோம்: முன்பு ஒரு சீடனை அரைகுறைப் பயிற்சியோடு சண்டைக்கு அனுப்பி இழந்தவர் அவர்.

அடுத்த ஆட்டத்தில் ஆசானின் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: “விடியும்போது களத்தில் இரு.” அதே இரவு, ஊர் வாசலைக் காவல் காக்கத் தோழர்கள் அவனை அழைத்தார்கள். போனால் காலையில் கால் தளரும். போகாவிட்டால் தோழர்கள் தனியே நிற்பார்கள். யோசித்து, காவலுக்கே போனான்.

விடியற்காலையில் கம்பு மூன்று முறை கைநழுவியது. ஆசான் அவன் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. “எடு” என்றார். பிறகு அதுவரை யாருக்கும் சொல்லித்தராத ஓர் அடியைக் காட்டினார். மேசையைச் சுற்றி இருந்த யாரும் பேசவில்லை.

போன வாரம் பகடையில் 11 விழுந்தது.

“ஆசான் வந்துட்டாரா அக்கா?” என்று கேட்டவன், தே தாரேக்கை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.