கறிவேப்பிலை அழகியின் இரவல் உடை

கறிவேப்பிலைச் செடி நிற்கும் வீட்டுத் தோட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் வந்துபோகும் கரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று, அந்தச் செடியின் பெயராலேயே கறிவேப்பிலை அழகி என்று தமிழில் வழங்கப்படுகிறது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவையும் கறிவேப்பிலையின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இந்தப் பூச்சி அவற்றிலும் முட்டையிடுவதுண்டு. தோட்டத்து உயிர்களைப் பருவந்தோறும் கவனிக்க விரும்புவோர், இந்த ஒன்றையே ஓராண்டுக் காலம் தொடர்ந்து பார்த்துவந்தால், வெயிலும் மழையும் பனியும் ஒரு சிற்றுயிரின் வாழ்வை எவ்வாறு வகுக்கின்றன என்பது தெளிவாகும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் கறிவேப்பிலை முற்றிக் கடினப்படுவதால், மென்மையான தளிரை நாடும் பெண் பூச்சிகளின் வருகை குறைந்துவிடும். அந்நாட்களில் ஆண் பூச்சிகளைக் கிணற்றடியிலும் துணி துவைக்கும் கல்லைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலும் காணலாம்; தேனில் கிடைக்காத உப்புச் சத்தை அவை சேற்றுநீரிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. ஆவணியில் இடிமழை பெய்து செடி துளிர்த்ததும் பெண் பூச்சிகள் திரும்புகின்றன; ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் அவற்றின் நடமாட்டம் மேலும் கூடுகிறது. மார்கழிக் காலையில் வந்து பார்ப்பவர், பனி உலரும்வரை சிறகுகளை விரித்து வெயில் காயும் பூச்சியை மிக அருகிலிருந்தே பார்த்துவிட முடியும், ஏனெனில் உடல் சூடேறாமல் அதனால் பறக்க இயலாது.

முட்டையிட வரும் பெண், முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டி, கால்களில் உள்ள சுவை நுகர் மயிர்களைக் கொண்டு அது உரிய செடிதானா என்று சோதித்த பின்னரே, குண்டூசித் தலையளவான வெளிர்மஞ்சள் முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிச் செல்கிறது. சில நாட்களில் வெளிவரும் புழு, கருமையும் வெண்மையும் கலந்து பறவை எச்சம்போலவே காட்சியளிப்பதால், பறவைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. நான்கு முறை தோலுரித்தபின் அது இலையின் பச்சைக்கு மாறிவிடுகிறது. அப்போதும் யாரேனும் விரலால் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற சிவந்த உறுப்பொன்றை வெளியே நீட்டிக் கடுமையான நாற்றத்தைப் பரப்பும். இறுதியில், மின்கம்பத்தில் ஏறுபவர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கயிற்றைப்போல, ஒற்றைப் பட்டிழையால் தன்னைத் தண்டோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது.

இவற்றையெல்லாம் விஞ்சும் வியப்பு, முழு வளர்ச்சியுற்ற பெண்ணிடம் உள்ளது. ஆணுக்கு ஒரே உருவம்தான்: கரிய சிறகும், பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளிகளின் வரிசையும். பெண்ணோ மூன்று உருவங்களில் பிறக்கிறது. ஒன்று ஆணை ஒத்தது. மற்றொன்று ரோசா அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியையும், மூன்றாவது சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியையும் ஒத்தவை. ரோசா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றின் நச்சிலையைத் தின்று வளர்வதால், அந்த நஞ்சைத் தம் உடலிலேயே தேக்கிவைத்துள்ளன. ஒருமுறை அவற்றைக் கொத்திய பறவை மறுமுறை அந்த நிறத்தை நாடுவதில்லை. நஞ்சற்ற கறிவேப்பிலை அழகியின் பெண், அந்த நிறத்தை மட்டும் இரவல் வாங்கிப் பிழைத்துக்கொள்கிறது. நஞ்சுள்ளதன் தோற்றத்தை நஞ்சற்றது மேற்கொள்ளும் இந்த ஏற்பாடு, போலித்தோற்றம் எனப்படும். வேடம் அத்தனை பொருத்தமானதாயினும் ஓரிடத்தில் வெளிப்பட்டுவிடும். நச்சு அழகிகளின் உடல் சிவந்திருக்க, வேடமிட்ட பெண்ணின் உடல் கருமையாகவே எஞ்சுகிறது.

இந்த வெவ்வேறு உருவங்கள் ஒரே இனத்தின் பெண்களே என்பதை இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை உருவாக்கும் ‘டபுள்செக்ஸ்’ என்னும் ஒற்றை மரபணுவே இந்த வேடத்தையும் தீர்மானிக்கிறது என்பதை, கிருஷ்ணமேக் குந்தே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் நிறுவினர்.

எனினும், அசல் மலிந்திருக்கும்வரையே போலி செல்லுபடியாகும். நச்சு அழகிகள் அருகிவிட்டால், அந்த நிறத்தை அஞ்சுவதற்குப் பறவைகள் கற்றுக்கொள்ள வாய்ப்பே இருக்காது. ஆகவே கறிவேப்பிலை அழகியின் பாதுகாப்பு, அது உண்ணாத, ஒருபோதும் முட்டையிடாத ஒரு செடியைச் சார்ந்துள்ளது. கரிசல் நிலத்திலும் வேலியோரத்திலும் தரையோடு படர்ந்து வளரும் ஆடுதீண்டாப்பாளைதான் அச்செடி. தோட்டத்தைத் துப்புரவாக்குவதாக எண்ணி அதைக் களையென்று வேரோடு பிடுங்குவோரும், களைக்கொல்லி தெளிப்போரும், தம் வீட்டுப் பெண்பூச்சி அணிந்திருக்கும் உடையின் மதிப்பையே அழிக்கின்றனர். கறிவேப்பிலையின் மீது பூச்சிமருந்து அடிப்பதும் அத்தகையதே. மறுநாள் குழம்பில் தாளிக்கப்போகும் இலையை நஞ்சாக்குவதைவிட, நாலைந்து கொத்துகளைப் புழுக்களுக்கு விட்டுக்கொடுப்பது மேல். வேர் பிடித்து வளர்ந்த செடி அடுத்த மழையிலேயே அந்த இழப்பைத் துளிர்களால் ஈடுசெய்துவிடும். சிறு கன்றாயின், புழுவைப் பெரிய செடிக்கு மாற்றிவிட்டால் இரண்டும் பிழைக்கும்.

வரும் ஐப்பசியில் தோட்டத்தில் சிவப்புப் புள்ளிகளோடு ஒரு கரிய பூச்சி அமர்ந்தால், அதன் உடல் சிவப்பா, கருப்பா என்று உற்றுநோக்குவது நல்ல தொடக்கமாகும். அந்தக் கேள்வி அடுத்த தலைமுறைக்கும் எஞ்சியிருக்க வேண்டுமாயின், ஆடு தீண்டாத அந்தப் பாளையை மனிதக் கையும் தீண்டாமல் விட்டுவைக்க வேண்டும்.