மூச்சு விடுதலும் மூச்சுப் பிடித்தலும்

ஸ்பானிய மொழியில் ‘ரெஸ்பிரார்’ என்றொரு வினைச்சொல் உண்டு. மூச்சை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். போர்த்துக்கீசியத்திலும் இதே சொல்தான். 1560 முதல் 1658 வரை மன்னார்த் தீவை வைத்திருந்த போர்த்துக்கீசரிடமிருந்து சாவி, ஜன்னல், அலுமாரி எல்லாம் தமிழுக்கு வந்தன. மூச்சுக்குரிய இந்தச் சொல் வரவில்லை.

தேவையும் இருக்கவில்லை. பழந்தமிழில் ‘உயிர்த்தல்’ என்றாலே மூச்சு விடுதல்தான். உயிரும் மூச்சும் ஒரே வேர். அரபியில் ‘நஃபஸ்’ மூச்சு, ‘நஃப்ஸ்’ ஆன்மா. அங்கும் அதே உறவு.

பேச்சுத் தமிழிலோ, ‘மூச்சு’ என்பதோடு எந்த வினை சேர்கிறது என்பதை வைத்தே பொருள் மாறும். ‘மூச்சு வாங்குது’ என்றால் இளைக்கிறது. ‘மூச்சு விடக்கூட நேரமில்ல’ என்றால் ஓய்வில்லை. ‘இதப்பத்தி மூச்சு விடாதே’ என்றால் வாய் திறக்காதே. ஓய்வுக்கும் பேச்சுக்கும் ஸ்பானியரும் ‘ரெஸ்பிரார்’ என்பதையே ஆளுகிறார்கள் என்பது வியப்பு.

மன்னார்க் கடலில் இவற்றையெல்லாம் விடப் பெரிய சொல் ‘மூச்சுப் பிடி’. 1905இல் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் நடந்த பெரும் முத்துக்குளிப்பில் தமிழகக் கரையின் முஸ்லிம்களும் அரபிகளும் இறங்கினார்கள். அரபிகள் கொம்பாலான கவ்வியால் மூக்கை அடைப்பார்கள். நம்மவர்கள் விரலால் பொத்துவார்கள். கல்லோடு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலே வரவேண்டும். பிடித்த மூச்சுதான் உயிர்.

இன்று சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிறார்கள். இங்கே அந்தப் பழைய சொல்லே ஆபத்து. மேலே இழுத்த மூச்சு ஆழத்தில் சுருங்கும்; ஏறும்போது பழைய அளவுக்கே விரியும். ஆனால், 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். காற்று இரத்தத்தில் கலந்து ஆளையே கொல்லும்.

ஆகவே, கடலுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வினையை மாற்றிச் சொல்லுங்கள்: “சிலிண்டரோட ஏறக்குள்ள மூச்சப் பிடிக்காத வாப்பா, விட்டு விட்டு, மெல்ல ஏறு.”