மைக்கும் அம்பிளிபயரும் ஒத்துப்போக ஒரு சிறு நிலைமாற்றி

சங்கக் கூட்டம், காணி பற்றிய அறிவித்தல், நிவாரணப் பெயர்ப்பட்டியல் வாசித்தல் யாவும் ஒலிபெருக்கி மூலமே நடக்கின்றன. பேச்சு தெளிவாகக் கேளாவிட்டால் முன்வரிசையில் இருக்கும் நாலு பேரே முடிவெடுப்பார்கள். பின்னால் கைக்குழந்தையுடன் நிற்கும் தாய்க்குத் தன் பெயர் வாசிக்கப்பட்டதே தெரியாமற் போகும். எனவே இது சின்ன விடயம் அல்ல.

பழைய அம்பிளிபயர் ஒன்றில் புதிதாகக் கிடைத்த மைக்கை மாட்டுகிறோம். சத்தத்தை முழுவதும் கூட்டினாலும் பேச்சு மெல்லியதாகவே வருகிறது, இரைச்சல்தான் கூடுகிறது. புதிய அம்பிளிபயர் வாங்கச் சங்கப் பணத்தை எடுக்குமுன், இரண்டையும் வேறு சாதனங்களில் மாட்டிப் பார்ப்போம். தனித்தனியே நன்றாக வேலை செய்தால், குறை இரண்டுக்கும் இடையிலான பொருத்தத்திலேயே இருக்கலாம்.

மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு சாதனம் காட்டும் எதிர்ப்பைத் தடங்கல் என்பர். அது ஓம் என்ற அலகில் அளக்கப்படும். இன்றைய சுருள் வகை மைக்குகளின் தடங்கல் பெரும்பாலும் 150 முதல் 600 ஓம் வரைதான். பழைய அம்பிளிபயர்கள் பலவற்றின் மைக் உள்ளீடோ 50,000 ஓம் அல்லது அதற்கு மேற்பட்டது. இத்தகைய உள்ளீட்டுக்கு வோல்ற்றளவு கூடுதலாக வேண்டும். ஓட்டம் சிறிதே போதும். குறைந்த தடங்கல் மைக் தரும் வோல்ற்றளவு அதற்குப் போதாது.

இங்கே உதவுவதுதான் நிலைமாற்றி. கடையில் 'மைக் ட்ரான்ஸ்போமர்' என்று கேட்கலாம். இதன் வேலை அலவாங்கைப் போன்றது. அலவாங்கின் நீண்ட முனையைக் கை வெகுதூரம் அழுத்த, மறுமுனையில் கல் சிறிதளவே அசையும்; ஆனால் விசை பெரிதாகும். அதுபோல நிலைமாற்றி ஓட்டத்தைக் குறைத்து வோல்ற்றளவை உயர்த்துகிறது. புதிய சக்தி எதையும் அது உண்டாக்குவதில்லை.

சுற்றுகளின் விகிதத்தை அதே எண்ணால் பெருக்கினால் தடங்கலின் விகிதம் வரும். 200 ஓம் மைக்கை 50,000 ஓம் உள்ளீட்டுடன் பொருத்த 250 மடங்கு வேண்டும். 16 தரம் 16 என்பது 256. ஆகவே ஒன்றுக்குப் பதினாறு சுற்றுள்ள நிலைமாற்றி பொருந்தும். கணக்குப்படி, நேரடியாக மாட்டுவதைவிட ஏறக்குறைய 8 மடங்கு வோல்ற்றளவு உள்ளீட்டில் கிடைக்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. நிலைமாற்றியை மைக்கின் பக்கம் வைக்காது, அம்பிளிபயரின் பக்கத்திலேயே வைக்கவும். குறைந்த தடங்கல் பக்கத்தில் நீண்ட வயர் இழுக்கலாம். கூடிய தடங்கல் பக்கத்தில் ஐந்தாறு மீற்றருக்கு மேற்பட்டால் பேச்சின் கூர்மை குறைந்து, 'உம்' என்ற ஒலி சேரும்.

2. மைக்கிலிருந்து வருவது வலை உறையிட்ட இரட்டைக் கம்பி வயராக இருக்கட்டும்.

3. அம்பிளிபயரின் மின்வழங்கும் பெரிய நிலைமாற்றிக்கு அருகில் இதை வைக்க வேண்டாம்.

4. மீற்றரின் ஓம் அளவையால் இதைச் சோதிக்க வேண்டாம். அந்த நேரோட்டம் உள்ளிருக்கும் இரும்பைக் காந்தமாக்கிவிடலாம்.

மூன்று முள் மைக் உள்ளீடு உள்ள புதிய மிக்ஸர்களுக்கு இது தேவையில்லை. அவை குறைந்த தடங்கல் மைக்குக்கென்றே செய்யப்பட்டவை. எனவே வாங்குமுன் மைக்கிலும் அம்பிளிபயரின் பின்புறத்திலும் எழுதியுள்ள ஓம் அளவுகளைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வோம். சங்கப் பணமும் மிஞ்சும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பேச்சு கேட்கும்.