மலை மிதிவண்டித் தேர்வு (வேலூர்–ஆம்பூர் வட்டாரம்)

மலை மிதிவண்டி என்பது கரடுமுரடான பாதைகளிலும் செங்குத்தான ஏற்ற இறக்கங்களிலும் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். அகலமான டயர், பல கியர்கள், வலுவான பிரேக் ஆகியவை இதன் அடையாளங்கள். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மலைச்சரிவுகளில் பழைய வண்டிகளை மாற்றியமைத்து ஓட்டிய இளைஞர்களிடமிருந்து இது வளர்ந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது.

தோல் தொழில் தொடர்பாக ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு வெளிநாட்டினர் வந்து போவது வழக்கம். அவர்களில் ஒருவர் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ மிதிவண்டியில் போக விரும்பினால், வண்டி தேடித் தரும் பொறுப்பு உள்ளூர் நண்பருடையதாகிறது.

பாதையின் தன்மை

ஏலகிரி மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலை சுமார் 1,100 மீட்டர் உயரமுடையது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் வரை தார்ச்சாலை உண்டு. உட்கிராமங்களுக்குச் செல்லும் வழிகளில் மண்ணும் சரளைக் கல்லும் இருக்கும். பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி பல வீடுகளில் இருக்கிறது என்பதற்காக அதையே இரவல் கொடுத்துவிடக் கூடாது. அது சமவெளிக்கு நல்ல வண்டி. கியர் இல்லாததால் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். 21 கியர் வண்டியில் முன்னால் 24, பின்னால் 28 என மாற்றிக்கொண்டால் ஒரு சுற்றுக்கும் குறைவு. வேகம் குறையும், முழங்கால் தப்பும்.

பிரேக்

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கினால் ரிம் சூடேறும், பிரேக் கட்டையும் விரைவில் தேயும். ஆகவே டிஸ்க் பிரேக் உள்ள வண்டியே மேல்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன் பிரேக்கை இயக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் இடக்கைப் பிடிதான் முன் பிரேக். ஜெர்மனியிலிருந்து வந்தவர் வளைவில் திடீரெனப் பழைய பழக்கத்தில் வலக்கையை அழுத்தினால், பின்சக்கரத்துக்குப் பதில் முன்சக்கரம் நின்று தலைகுப்புற விழ நேரிடும். எந்தப் பிடி எதற்கு என்று முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் கடைக்காரரிடம் கேபிளை மாற்றிப் பூட்டச் செய்ய வேண்டும். உள்ளூர்க்காரர் திரும்ப ஓட்டும் முன் பழையபடி மாற்றிவிடுவதும் அவசியம்.

அளவு

நண்பரின் உயரத்தை வருமுன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தரை அடி உயரத்தவருக்கு 16 முதல் 17 அங்குலச் சட்டகமும், ஆறடிக்காரருக்கு 19 முதல் 20 அங்குலச் சட்டகமும் பொதுவாகப் பொருந்தும். வண்டியின் நடுக்கம்பிக்கு மேல் இருகால் ஊன்றி நிற்கும்போது குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சீட்டில் அமர்ந்து மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும்.

முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த மலிவான வண்டிகள் பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஆனால் எடை அதிகம், மிதிக்கும் விசையில் ஒரு பகுதி ஸ்பிரிங்கிலேயே போய்விடும். முன்பக்கம் மட்டும் உள்ளது போதுமானது.

பிற

சீமைக் கருவேல முள் டயரை எளிதில் துளைக்கும். மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் பெட்டி, காற்றுப் பம்பு தேவை. மோட்டார் சைக்கிள் வகை வால்வு உள்ள டியூபாக இருந்தால் பெட்ரோல் பங்கிலும் காற்று அடிக்கலாம். தலைக்கவசம் கட்டாயம். காலணி அடிப்பகுதி விறைப்பாக இருப்பது நல்லது. ஆம்பூரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அப்போதும் விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் மலைமேல் சேர்ந்துவிடுவது உசிதம். பயணத்துக்கு முந்தைய நாள் பத்து கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னால் சீட்டு, கியர், பிரேக் ஆகியவற்றின் குறைகள் கடை திறந்திருக்கும்போதே தெரிந்துவிடும்.